செலின் சொன்னது

கடலில் விழுந்தவனோடு யாராவது பேசிக்கொண்டே இருந்தால் அவன் சீக்கிரம் சாவதில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். யார் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். முன்பின் தெரியாத குரல் என்றால் கொஞ்ச நேரத்தில் கைகாலைத் தளரவிட்டுவிடுகிறான். பெண்டாட்டியோ அம்மாவோ மகளோ பேசினால் தாக்குப்பிடிக்கிறான். அதனால் வளைகுடாக் கரையில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற எல்லாருடைய மிதவை ஜாக்கெட்டிலும், காலர் ஓரமாக, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைத் தைத்துக் கொடுத்தார்கள். ஆள் மாட்டியிருக்கும்போது உப்புத் தண்ணீர் பட்டதும் அது விழித்துக்கொள்ளும். இருக்கும் இடத்தை மீட்பு நிலையத்துக்குச் சொல்லும். பிறகு வீட்டு ஆளின் குரலில் பேசத் தொடங்கும். அந்தக் குரலைப் பழக்குவதற்காக வீட்டுப் பெண்கள் ஒரு வாரம் அதை அடுப்படியில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியிருந்தார்கள். நிறுவனம் வைத்த பெயர் நீளமானது. கரையில் அதைத் 'துணை' என்றார்கள்.

அமலி மீட்புப் படகில் நர்ஸ். ஆஸ்பத்திரி வேலையை விட்டு இங்கே வந்து மூன்றாவது கச்சான் காற்றுக் காலம் நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தபோது நிலையத்துத் திரையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. அவள் டப்பாவை மூடினாள். படகு ஓட்டும் ரொசாரி சாவியை எடுத்தார். கயிறும் நீச்சலும் பார்க்கிற நூகு ஏற்கெனவே ஓடிவிட்டிருந்தான்.

காற்று தென்மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அலையின் மேல் ஏறி ஏறி விழுந்த படகில் அமலி சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு ஜாக்கெட்டிலிருந்துதான் தகவல் வந்தது. பெயர் இன்னாசி. இதயத் துடிப்பு இருந்தது. உடம்புச் சூடு குறைந்துகொண்டே வந்தது. கருவி அவனோடு என்ன பேசுகிறது என்பது படகில் கேட்காது.

"வள்ளத்துல ரெண்டு பேரு போனதா கரையில சொல்றாங்க. அண்ணனும் தம்பியும்," என்றார் ரொசாரி.

"இன்னொரு ஜாக்கெட் காட்டலண்ணே."

ரொசாரி விசையை இன்னும் அழுத்தினார்.

வள்ளம் கவிழ்ந்து வயிற்றைக் காட்டி மிதந்தது. அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, நீரோட்டம் இழுத்துப்போன திசையில், இன்னாசி மிதந்துகொண்டிருந்தான். உதடு வெளுத்து முகம் ஊறியிருந்தது. கண்ணை மூடியபடி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மூடல செலின்... கண்ண மூடலன்னு சொல்றம்லா... சரி... சரி..."

நூகு குதித்துக் கயிற்றைக் கட்டினான். மூவருமாக இழுத்து மேலே போட்டார்கள். இன்னாசியின் கைவிரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல் மடங்கியே இருந்தன. அமலி அவற்றை விரித்துப் பார்த்தாள். விரியவில்லை.

"தம்பிய அந்த போட்ல ஏத்திட்டாங்களா?" என்று கேட்டான் இன்னாசி.

"எந்த போட்டுண்ணே?" என்றான் நூகு.

"பின்னால வந்த போட்டு. அவர விடுங்க, பின்னால வர்ற போட்டு எடுத்துக்கும்னு செலின் சொன்னா. அதான் விட்டேன்."

நூகு ரொசாரியைப் பார்த்தான். ரொசாரி கடலைப் பார்த்தார். அந்தப் பக்கத்துக்கு இருந்த ஒரே மீட்புப் படகில்தான் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தேடுறாங்கண்ணே," என்றாள் அமலி. பொய்தான். ஆனால் பொய் சொல்வதுபோல் அவளுக்குத் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. ஈர ஜாக்கெட்டைக் கழற்றும்போது காலரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஏங்க, ஏதாவது பேசுங்க. மேல ஏத்திட்டாங்களா?"

அமலி அணைக்கும் பொத்தானைத் தடவினாள்.

"அத அணைக்காதீங்க சிஸ்டர்," என்றான் இன்னாசி.

அவள் அணைத்தாள்.

வெளிச்சம் இருந்தவரை சுற்றிச் சுற்றித் தேடினார்கள். ஊரிலிருந்து வள்ளங்களும் வந்து சேர்ந்துகொண்டன. இன்னாசி படகின் தரையில் போர்வைக்குள் கிடந்து நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னான். எஞ்சினின் காற்றாடியில் வலை சுற்றிக்கொண்டது. அறுத்துவிடத் தம்பி தொம்மை தண்ணீருக்குள் இறங்கினான். ஜாக்கெட்டோடு முங்க முடியாது என்று கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். அந்த நேரம் பார்த்து அலை வள்ளத்தைப் புரட்டியது. அதன்பிறகு இரண்டு பேருக்கும் ஒரே ஜாக்கெட். இன்னாசி தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

தொம்மையின் உடல் மறுநாள் காலையில் பக்கத்து ஊர்க் கரையில் ஒதுங்கியது.

அன்றே செலின் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஒல்லியான, உரத்த குரல் உள்ள பெண். இன்னாசியைப் பார்க்க வந்திருந்த அமலி சொட்டு மருந்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "ஏங்க," என்று செலின் கதவருகே நின்று கூப்பிட்டதும் இன்னாசியின் உடம்பு முழுக்க ஒருமுறை தூக்கிப் போட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"போட்டு வருதுன்னு சொன்னியே."

"நான் என்னங்க சொன்னேன்? நான் எங்கங்க சொன்னேன்?"

"நீ சொன்னதாலதான விட்டேன்."

செலின் அமலியைப் பார்த்தாள். அமலி, "துணை," என்று மட்டும் சொன்னாள். செலினுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இனி அந்த வாயிலிருந்து வருவது தன் கணவனுக்கு எப்படிக் கேட்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டதுபோல் இருந்தது.

அடக்கம் முடிந்தது. இன்னாசி தன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னான். துணை பொய் சொல்கிறது, துணை ஆளை விடச் சொல்கிறது என்று கரை முழுக்கப் பேச்சாகிவிட்டது. அந்த ஊரிலும் அடுத்த இரண்டு ஊர்களிலும் ஆண்கள் மீன் அறுக்கிற கத்தியால் காலரைக் கிழித்துக் கருவிகளைப் பிடுங்கிக் கோயில் முற்றத்தில் கொட்டினார்கள். சிலர் ஜாக்கெட்டையே தூக்கிப் போட்டார்கள். காற்று குறையவில்லை. அவர்கள் தொழிலுக்குப் போவதை நிறுத்தவுமில்லை.

நிறுவனத்திலிருந்து திவாகர் என்று ஒருவர் வந்தார். கண்ணாடி போட்ட, தணிவாகப் பேசுகிற மனிதர். கருவிகளின் பேச்சுப் பகுதியைச் செய்த குழுவில் அவரும் ஒருவர். இன்னாசியின் ஜாக்கெட் மீட்பு நிலையத்தில்தான் இருந்தது. அதை ஆராயும்போது குரலுக்கு உரியவர் கூட இருக்கவேண்டும் என்பது விதி. செலினை வரச் சொல்லியிருந்தார்கள். அமலி சாட்சி.

"இது பொய் சொல்லலாம்னு யாரு சார் முடிவு பண்ணது?" என்று அமலி கேட்டாள்.

"எல்லாரும் சேர்ந்துதான் மேடம். பொய் சொல்லக் கூடாதுன்னு வச்சுப் பார்த்தோம். 'எவ்வளவு நேரத்துல வருவாங்க'ன்னு கேட்டா உண்மையச் சொல்லிச்சு. கேட்டவங்க செத்துட்டாங்க." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க வார்டுல சொன்னதில்லையா? ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்கன்னு?"

அமலி ஒரு நாற்காலியைச் செலினுக்காக இழுத்துப் போட்டாள்.

"தண்ணிக்குள்ள இருக்கறவங்ககிட்ட மட்டும்தான் அதுக்கு அந்த அனுமதி. கரையில யார் என்ன கேட்டாலும் நடந்தத அப்படியே சொல்லும். நீங்களே கேளுங்கம்மா."

மேசைமேல் ஜாக்கெட் காய்ந்து உப்புப் பூத்துக் கிடந்தது. திவாகர் கருவியை முடுக்கினார். செலின் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலரைப் பார்த்தாள்.

"நான் செலின்."

"தெரியும்," என்றது கருவி.

"இது என் குரல் மாதிரியே இல்லையே," என்றாள் செலின். அமலிக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"கேளுங்கம்மா," என்றார் திவாகர்.

"தொம்மைய எதுக்கு விடச் சொன்ன?"

"விடச் சொல்லல."

செலின் திரும்பி மற்ற இருவரையும் பார்த்தாள். "நான் சொன்னேன்னு அவரு சொல்றாரு."

"சொன்னேன். ஆனா அப்போ தொம்மை கையில இல்ல. அதுக்கு முன்னாடியே விட்டுப்போச்சு. அவருக்கு விரலெல்லாம் மரத்துட்டு. பெரிய அலை ஒண்ணு வந்துச்சு. அதுக்கப்புறம் தம்பி பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. பதில் வரல."

செலின் நாற்காலியில் இன்னும் முன்னால் நகர்ந்தாள்.

"அப்புறம்?"

"ஜாக்கெட்டோட வார்ப்பட்டைய அவுக்க ஆரம்பிச்சாரு. முங்கித் தேடப் போறேன்னாரு. பிள்ளைங்க பேரச் சொல்லிக் கெஞ்சுனேன், கேக்கல. மாதா பேரச் சொன்னேன், கேக்கல. ரெண்டு வார அவுத்துட்டாரு. அப்பதான் சொன்னேன். 'நான்தான விடச் சொன்னேன், நான் சொல்லித்தான விட்டீங்க, பின்னால வந்த போட்டுல அவர எடுத்துட்டாங்க'ன்னு. மூணு தடவ சொன்னேன். அதுக்கப்புறம்தான் வார விட்டாரு."

"பொய்யி."

"ஆமா."

"எதுக்கு நான் சொன்னேன்னு சொன்ன?"

"வேற யாரு சொன்னதா சொன்னாலும் நம்பியிருக்க மாட்டாரு."

செலின் அழவில்லை. முந்தானையை மடித்து மடித்து விரலில் சுற்றினாள்.

"அவருக்கு இது ஞாபகம் இருக்காதா?" என்று அமலி கேட்டாள்.

"அந்த நிலைமையில மூளை நடந்தத வரிசையா வச்சுக்காது. அவரப் பொறுத்தவரைக்கும் இவங்க சொன்னாங்க, அவர் விட்டாரு. அதை அவர் முழுசா நம்பறார்." திவாகர் கருவியை அணைத்தார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில்ல கூட்டம் போடறோம். இதை எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறேன்."

"வேண்டாம் சார்," என்றாள் செலின்.

"அம்மா, மூணு ஊர்ல இதைப் பிடுங்கிப் போட்டுட்டாங்க. இது தப்பு பண்ணல. விடச் சொல்லவே இல்ல. அது தெரிஞ்சாதான் திரும்ப மாட்டுவாங்க. மாட்டலன்னா அடுத்த காத்துல எத்தன பேர் போவாங்கன்னு மேடத்தக் கேளுங்க."

செலின் அமலியைக் கேட்கவில்லை. "இதக் கேட்டா, அவராத்தான் கைய விட்டாருன்னு அவருக்குத் தெரிஞ்சிரும்லா?"

"விடல. கை மரத்துப்போச்சு. யாரா இருந்தாலும்..."

"ஒங்களுக்கு அது மரத்துப்போனது சார். அவருக்கு அது விட்டதுதான். மறுநாளே கடல்ல எறங்கிருவாரு. ஜாக்கெட் இல்லாம."

திவாகர் கெட்ட மனிதர் இல்லை என்று அமலிக்குத் தெரிந்தது. அவரிடமும் மாற்று வழி இல்லை. செலின் எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"கரையில இருந்து நெச ஆளு இதுல பேச முடியுமா சார்?"

"முடியும். இந்த மைக்ல பேசினா அங்க கேக்கும். இதுவரைக்கும் யாரும் பேசினதில்ல. வீட்டு ஆள் இங்க வந்து சேர நேரமாயிடும்."

"சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்து முற்றத்திலும் ஆட்கள் நின்றார்கள். இன்னாசி கடைசிப் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். தொம்மையின் மனைவி பனிமேரி முன்வரிசையில் கறுப்புச் சேலையில் இருந்தாள். பங்குச்சாமியார் திவாகரைப் பேச அழைத்தார். அவர் எழுந்து ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிப் பேசத் தொடங்குவதற்குள் செலின் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"மிஷினு சொல்லல," என்றாள். அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "நான்தான் சொன்னேன். அன்னிக்கு நான் ஸ்டேசனுக்குப் போனேன். அங்க உள்ள மைக்குல பேசுனேன். ரெண்டு பேரும் போயிரக் கூடாதுன்னு தொம்மைய விடச் சொன்னேன். போட்டு வருதுன்னு பொய் சொன்னேன். மிஷினு மேலயும் அவரு மேலயும் பழி இல்ல. சொன்னது நானு."

முற்றத்திலிருந்து ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "சிஸ்டர், நெசமா? அது ஒங்க ஸ்டேசன்தான?" என்று கேட்டார்.

எல்லாத் தலைகளும் அமலியின் பக்கம் திரும்பின. அவள் ரொசாரியைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெஞ்சில் இன்னாசி தலையை நிமிர்த்தியிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல்முறையாகத் தன் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா," என்றாள் அமலி. "அவங்கதான் பேசுனாங்க."

திவாகர் ஒலிபெருக்கியைச் சாமியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பனிமேரி எழுந்தாள். கூட்டம் வழிவிட்டது. நேராகச் செலினிடம் போய், எல்லாரும் பார்க்க, அவள் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். செலின் கையை உயர்த்தவில்லை. மற்ற பெண்கள்தான் பனிமேரியைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

அந்த வாரமே கருவிகளைத் திரும்பத் தைத்துக்கொண்டார்கள். செலினோடு பேசுவதை ஊர் நிறுத்திக்கொண்டது. தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். இன்னாசி கொஞ்ச நாள் கழித்து வேறொருவரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனான், ஜாக்கெட் போட்டுக்கொண்டு. வீட்டில் அவன் செலினோடு சாப்பாடு, தண்ணீர், கதவு என்று தேவைக்கு மட்டும் பேசுவதாக அமலி கேள்விப்பட்டாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லையாம்.

அதற்கிடையில் வேறு அழைப்புகள் வந்தன. ஒரு விசைப்படகில் தீ. தனியாகப் போன கிழவர் ஒருவர். மூன்று பேரை உயிரோடு எடுத்தார்கள், மூவரும் அவரவர் வீட்டுக் குரலோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அமலி அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. போர்வை போர்த்தினாள், ஊசி போட்டாள், கரைக்கு வந்து கைகழுவிவிட்டுச் சாப்பிட்டாள். சோற்றில் உப்பில்லை என்று நூகு சொன்னபோதுதான் தானும் அதையே சாப்பிட்டிருப்பது தெரிந்தது.

காற்று அடங்கியபின் ஒரு நாள் காலையில் ஜாக்கெட்டுகளைச் சோதிக்க ஊருக்குப் போனாள். பனிமேரி கருவாட்டுக் களத்தில் இருந்தாள். தார்ப்பாயில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாக ஒரு ஜாக்கெட் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தொம்மையுடையது.

"நாலு நாள் கழிச்சு இத வலையோட கொண்டு வந்து தந்தாங்க சிஸ்டர். வேற யாருக்காவது குடுங்க. ஆனா இதுல என் குரல் இருக்கு. அத எடுத்துருங்க."

"எடுத்துர்றேன்." அமலி அதை வாங்கிப் பையில் வைத்தாள். போகத் திரும்பினாள்.

"கோயில்ல நீங்களும் பொய் சொன்னீங்க," என்றாள் பனிமேரி.

அவள் குரலில் கோபம் இல்லை. குனிந்து நெத்திலியைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு மத்தியானம் பூரா அந்த அக்கா என் வீட்டுலதான் இருந்தா. பிள்ளைக்குக் காய்ச்சல். ரெண்டு பேருமா மாத்தி மாத்தி ஈரத்துணி போட்டுக்கிட்டு இருந்தோம். போன் வந்தப்போ அவ என் கையத்தான் புடிச்சா. அவ எங்க ஸ்டேசனுக்கு வந்தா?"

அமலி பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் முதுகில் சுட்டது.

"அப்போ தெரிஞ்சேவா அறைஞ்சீங்க?"

"ஆமா."

"ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? எந்திரிச்சுதான் நின்னேன். சொல்லத்தான் போனேன். பக்கத்துல போனதும் அவ மூஞ்சியப் பாத்தேன். அடிக்கணும்னு இருந்துச்சு." பனிமேரி நிமிர்ந்தாள். "கடல அடிக்க முடியுமா? அந்தத் தீப்பெட்டிய அடிக்க முடியுமா? அதுவரைக்கும் எனக்கு அழுகையும் வரல, தூக்கமும் வரல, கட்டை மாதிரி கெடந்தேன். அன்னிக்கு அடிச்சதும்தான் கை வலிச்சுச்சு. வீட்டுக்குப் போயி அழுதேன்."

"ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல. கேட்டா வேற ஏதாவது தெரிஞ்சிரும்." கொஞ்சம் நிறுத்தி, அமலியின் கண்ணைப் பார்த்தாள். "நீங்களும் சொல்லாதீங்க."

"இல்ல."

"அவ எனக்குக் கோவப்பட ஒரு ஆளக் குடுத்திருக்கா சிஸ்டர். இப்போதைக்கு எனக்கு அது வேணும்."

களத்துக்கு வெளியே மணல் பாதையில் செலின் வந்துகொண்டிருந்தாள். தலையில் கூடை. இவர்களைப் பார்த்ததும் நடை கொஞ்சம் தயங்கியது. பனிமேரி சட்டென்று முகத்தைக் கடுகடுவென்று ஆக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். நெத்திலிமேல் துடைப்பத்தை வைத்துத் தேவையில்லாத வேகத்தில் தள்ளினாள். செலின் தலையைத் தாழ்த்திக்கொண்டு, வேலியோரமாக ஒதுங்கி, ஒன்றும் பேசாமல் கடந்து போனாள்.

பனிமேரி திரும்பவில்லை.

"போயிட்டாளா?" என்று கேட்டாள்.

"போயிட்டாங்க," என்றாள் அமலி.